சில்லறையோடு கேட்பவர்

சாயங்காலம் நான்கு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தேழு நொடி. ஏலத்தில் பதினொரு பேர். மேலே நின்ற பெயர் தென்றல்2016. மூன்று நொடி கழித்து, சரியாக ஐந்து மணிக்கு, மேலே நின்ற பெயர் என்னுடையது. போன வருஷம் ஜூன் மாதம். நடந்தது இவ்வளவுதான் சார். இதற்குத்தான் என்னை மனுஷனே இல்லை என்கிறார்கள்.

உட்காருங்கள். ஃபேன் போடட்டுமா? லேப்டாப் ஆன் ஆக இரண்டு நிமிடம் எடுக்கும். அது அதன் குறை இல்லை, நான் அதில் ஏற்றி வைத்திருக்கிற சாமான் அப்படி. விளம்பரத்தில் பதினாறாயிரம் என்று போட்டேன். பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள். நத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள், வந்த உடனே விலை பேசுவது மரியாதை இல்லை. எல்லா எழுத்தும் அடிக்கும். ஒரு எழுத்தை மட்டும், இதோ இதை, கொஞ்சம் அழுத்தி அடிக்க வேண்டும். பாருங்கள், இதை நானே சொல்கிறேன். குறையை மறைத்து நான் விற்றது கிடையாது. அந்த ஏலத் தளத்தில் பதினொரு வருஷம் இருந்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூட அருளப்பன் ஏமாற்றினான் என்று எழுதியதில்லை. அந்தக் கணக்கைத்தான் ஜனவரியில் முடக்கிவிட்டார்கள்.

ஏன் விற்கிறீர்கள் என்று போனில் கேட்டீர்களே, அதற்குத்தான் வருகிறேன்.

பேகம்பூரில் எனக்கு ரிப்பேர் கடை இருந்தது. அருள் ரேடியோஸ். திண்டுக்கல்லில் பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். முதலில் ரேடியோ, அப்புறம் டேப், அப்புறம் டி.வி., கடைசியில் செல்போன். நான்கு வருஷத்துக்கு முன்னால் மூடினேன். மூடிய பிறகு முழு நேரமும் இதுதான். ஏலத்தில் பழைய சாமான் எடுப்பேன், துடைப்பேன், சரி செய்வேன், திரும்ப விற்பேன். கேமரா லென்ஸ், வால்வு ரேடியோ, கால்குலேட்டர். எது எங்கே எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும்.

ஏலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு ஆள் நின்றுகொண்டு ஒரு தரம், இரண்டு தரம் என்று கத்துவார். மூன்று தரம் சொல்கிறவரைக்கும் நீங்கள் ஏற்றிக் கேட்கலாம். கம்ப்யூட்டர் ஏலத்தில் தரம் கிடையாது சார். கடிகாரம்தான். ஐந்து மணிக்கு முடியும் என்றால் முடியும். நீங்கள் காலையிலேயே வந்து ஐயாயிரம் வரைக்கும் தருவேன் என்று எழுதி வைத்துவிட்டால் என்ன ஆகும்? பார்க்கிறவன் எல்லாம் ஏற்றுவான். அதனால் விவரம் தெரிந்தவன் கடைசி நிமிடம் வரைக்கும் வாயே திறக்கமாட்டான். கடைசி மூன்று நொடியில் ஒரே ஒரு தடவை கேட்பான். எதிராளி திரையைப் பார்த்துப் பதறி, திரும்ப எழுதி அழுத்துவதற்குள் மணி ஐந்து.

அதைக் கையால் செய்ய முடியாது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு, விரல் நடுங்கும். அதற்கு ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. ஸ்னைப்பர் என்பார்கள். வருஷச் சந்தா. எந்தப் பொருள், எவ்வளவு வரைக்கும், எத்தனை நொடிக்கு முன்னால், மூன்றையும் எழுதிவிட்டு நீங்கள் போய்ப் படுத்துத் தூங்கலாம். அது முழித்திருக்கும். திருட்டு இல்லை, தளத்தின் விதிகளில் எங்கேயும் தடை இல்லை. நான் படித்திருக்கிறேன், பதினெட்டு பக்கம்.

ரெஜினா, டீ போடும்மா, சாருக்குச் சர்க்கரை கம்மியா. என் மனைவி சார். கேட்டிருப்பாள். பதில் சொல்லமாட்டாள். ஏழெட்டு மாதமாக அப்படித்தான்.

சரி, தென்றல். இந்த வேலையில் ஆளைப் பார்க்க முடியாது. தொகையைப் பார்த்துத்தான் ஆளை எடை போட வேண்டும். புதிதாக வந்தவன் ஐயாயிரம் என்பான், ஆறாயிரம் என்பான். பழகினவன் முழுசாகக் கேட்கவே மாட்டான். ஐயாயிரத்துப் பதினேழு என்பான். ஏனென்றால் ஐயாயிரத்தில் நிற்கிறவனைப் பதினேழு ரூபாயில் தள்ளிவிடலாம். சில்லறையோடு கேட்பவர் என்றால் அனுபவஸ்தர். இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

தென்றல்2016 அன்றைக்குக் கேட்டிருந்த தொகை, மற்றவர்கள் ஏற்றி ஏற்றி முழுசாக வெளியே தெரிந்துவிட்டது: நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு. பார்த்த உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொருள் என்ன என்கிறீர்களா? காது மிஷின். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி வளைந்திருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர். ஒயர் முனையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு வில்லை. பழையது, கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. ஒரு பழைய காது மிஷினுக்குப் பதினொரு பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவர் சில்லறையோடு கேட்கிறார் என்றால் சும்மா இருக்காது. ஸ்னைப்பரில் போட்டேன். வந்தது. மற்ற பத்து பேர் யார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

பெயரை வைத்துப் பார்த்தேன். தென்றல் எலக்ட்ரானிக்ஸ், இல்லையென்றால் தென்றல் டிரேடர்ஸ். 2016இல் ஆரம்பித்த கம்பெனி. சென்னை ரிச்சி தெருவாக இருக்கும் என்று முடிவு பண்ணினேன்.

அந்த சாப்ட்வேரில் இன்னொரு வசதி உண்டு. ஒரு ஆளைப் பின்தொடரச் சொல்லலாம். அந்த ஆள் எந்தப் பொருளில் கை வைக்கிறாரோ, அது தானாக நம் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி மூன்று நொடியில் தானாகக் கேட்கும். அனுபவஸ்தர் தேடித் தருகிறார், நாம் எடுத்துக்கொள்கிறோம். தென்றலுக்குப் பின்னால் அதைப் போட்டுவிட்டேன். பதினைந்தாயிரம் வரைக்கும் போ என்று எழுதிவைத்தேன். அதற்கப்புறம் நான் ஒன்றுமே செய்யவில்லை சார். இதை அந்தத் தளத்துக்காரர்களுக்கும் எழுதினேன். அது செய்தது.

இரண்டாவது மிஷின் வந்தது. மூன்றாவது வந்தது. ஜெயித்தவருக்கு ஒரு லாபம் உண்டு: எதிராளி கடைசியாக எவ்வளவு வரைக்கும் எழுதி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் இருபத்தைந்து ரூபாய்தானே நாம் கொடுப்பது. நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு. அப்புறம் நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. ஐயாயிரத்து எண்பத்திமூன்று. ஐயாயிரத்து எழுநூற்று அறுபத்தொன்பது. ஏறிக்கொண்டே போகிறது. அதுவும் சனிக்கிழமை ராத்திரியானால் ஏற்றுவார். வாரக் கடைசியில் சரக்கு விற்றுக் கையில் பணம் வந்ததும் ஏற்றுகிறார் என்று கணக்குப் போட்டேன். ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. இவ்வளவு விவரமான ஆள் ஏன் கடைசி நொடிக்குக் காத்திருக்காமல், முதல் நாளே மொத்தத்தையும் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்? திமிர் என்று நினைத்தேன். வந்தால் வாருங்கள்டா என்கிற திமிர்.

வந்த மிஷின்களை நான் சோதிக்காமல் வைக்கவில்லை. நாற்பது வருஷம் ரிப்பேர் பார்த்தவன். பேட்டரி போட்டால் சின்னதாகப் பச்சை விளக்கு எரியும். காதில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். ரெஜினாவைப் பக்கத்தில் வந்து கத்தச் சொன்னேன். அவள் கத்தியது எனக்குத் தானாகக் கேட்டதே தவிர மிஷினில் கேட்கவில்லை. அந்த வட்ட வில்லையைக் காது ஓட்டைமேல் வைத்துப் பார்த்தேன். ஊஹூம். முதலாவது செத்தது. இரண்டாவது செத்தது. ஏழு மிஷின் எடுத்தேன் சார், ஏழும் செத்தது. விற்றவர்கள் எல்லாரும் 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஏழு பேருக்கும் ஒற்றை ஸ்டார் போட்டு, 'வேலை செய்யவில்லை, பொய் விளம்பரம்' என்று எழுதினேன்.

நானாக இருக்கக்கொண்டு அப்படியே நிறுத்தினேன். வேறு ஒருவனாக இருந்தால் அதே பொய்யை எழுதி அடுத்தவன் தலையில் கட்டியிருப்பான். செத்த பொருளை உயிர் இருக்கிறது என்று நான் விற்றது கிடையாது.

அப்படியென்றால் தென்றல் எதற்கு விழுந்து விழுந்து கேட்கிறார்? யோசித்தேன். மதுரையில் கனகவேல் என்று ஒரு ஆள் இருக்கிறார், பழைய போர்டுகளை ஆசிட்டில் போட்டுத் தங்கம் எடுப்பவர். போன் பண்ணினேன். "காது மிஷினா? அண்ணாச்சி, ஆஸ்பத்திரி சாமான்ல தங்கம், பிளாட்டினம் எல்லாம் வைப்பான். பிரிச்சுக் கொண்டாங்க" என்றார். அதுதான் விஷயம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அக்டோபர் மாதம் ஒரு நாள் இந்த மேஜையில்தான் உட்கார்ந்து ஏழையும் பிரித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மதியம் முழுக்க. நுணுக்கமான வேலை சார். அந்த மாதிரி சாலிடரிங் நான் பார்த்ததே இல்லை. உள்ளே இருந்த போர்டுகளைக் கனகவேலிடம் கொடுத்தேன். ஏழுக்கும் சேர்த்து எழுநூறு ரூபாய் கொடுத்தார். "தங்கம் கண்ணுக்கே தெரியல அண்ணாச்சி, உங்க முகத்துக்காகக் குடுக்கறேன்" என்றார். மிச்சமிருந்த கூடு, ஒயர், வில்லை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். நஷ்டம் யாருக்கு? எனக்குத்தான். இதை யாரும் பேசுவதில்லை.

டீ எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறாள். அன்றைக்குப் பிரிக்கும்போதே சொன்னாள். "ஏங்க, இது யாரோ போட்டிருந்தது மாதிரி இருக்கு. ஒன்னுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க, பூனை ஸ்டிக்கர்" என்றாள். பழைய சாமான் என்றால் யாரோ போட்டிருந்ததுதானே?

அதற்கு முன்னாலேயே, ஆகஸ்டில், தளத்தின் வழியாக எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. தென்றலிடமிருந்து. 'அண்ணே, அந்த மிஷின் எங்க பிள்ளைக்கு வேணும். அடுத்தது வந்தா தயவுசெய்து விட்டுக்கொடுங்க.' சிரித்துவிட்டேன். இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஏலம் முடிகிற நேரத்தில் தாத்தா நினைவு வரும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகும். நானே ஒரு தடவை ஒரு கேமராவுக்காகச் சாகாத மாமனாரைச் சாகடித்திருக்கிறேன். பதில் எழுதினேன்: 'வாரம் ஒரு மிஷின் கேட்கிறீர்கள். உங்கள் பிள்ளைக்கு எத்தனை காது?'

பதில் உடனே வரவில்லை. ராத்திரி பத்தரைக்கு மேல் வந்தது போல, காலையில்தான் பார்த்தேன். 'ஒன்னு போதும்ணே.'

நல்ல வாய்க்காரன் என்று நினைத்தேன். உண்மையாகவே ரசித்தேன் சார்.

நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றியிருக்கிறேன், வாசலில் ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பிள்ளை.

"சார், அருள் ரேடியோஸ் இதுதானுங்களா?"

"கடை மூடி நாலு வருஷமாச்சும்மா. ரிப்பேர் எல்லாம் இப்ப பாக்கறதில்ல."

"ரிப்பேருக்கு வரலீங்க சார். நான்தான் தென்றல்2016."

அவளுக்குப் பின்னால் வாசலில் யாராவது ஆள் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"என் பேரு சுகந்தி. இவதான் தென்றல்" என்று பிள்ளையை முன்னால் தள்ளினாள். "ரெண்டாயிரத்துப் பதினாறுல பொறந்தா."

ரிச்சி தெரு இல்லை சார். எரியோடு. இங்கிருந்து முக்கால் மணி நேரம். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் ஷிப்ட். உள்ளே போகும்போது போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். ஏலம் முடிகிற ஐந்து மணிக்கு அவள் கையில் போனே இருக்காது. அதனால்தான் முதல் நாளே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு விற்ற ஒருவரிடம் கெஞ்சி என் விலாசத்தை வாங்கியிருக்கிறாள்.

ரெஜினா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்தாள். பிள்ளை வாங்கிக்கொண்டு கடிக்காமல் வைத்துக்கொண்டது. ரெஜினா "பேர் என்னம்மா?" என்றாள். அது ரெஜினாவின் வாயைப் பார்த்தது. அப்புறம் அம்மாவைப் பார்த்தது.

சுகந்திதான் சொன்னாள். மூன்று வயதில் தலைக்குள் ஆபரேஷன் செய்து ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். வெளியே இந்த மிஷினை மாட்டினால்தான் உள்ளே இருப்பது வேலை செய்யும். அந்த வருஷம் மார்ச்சில் பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்க்கும்போது மிஷின் உள்ளே விழுந்துவிட்டது. புதிய மாடல் வாங்க வேண்டுமென்றால் மூன்று லட்சத்துக்கு மேல். அதே பழைய மாடல் ஒன்று கிடைத்தால் போதும், பிள்ளைக்குத் தகுந்த மாதிரி அமைத்துக் கொடுக்கிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

"நல்லாப் பேசிக்கிட்டிருந்தா சார். ஸ்கூல்ல எல்லா ரைம்சும் சொல்லுவா. இப்பக் கேக்காம, ஒவ்வொரு வார்த்தையா மறந்துக்கிட்டே வர்றா. போன வாரம் தண்ணி போயிருச்சு. டம்ளரைத் தூக்கிக் காட்டுறா. நீங்க எடுத்த ஏழுல ஒன்னு குடுங்க சார். நீங்க குடுத்த விலையை நான் குடுத்துடறேன்."

எனக்கு அப்போது ஒரு சந்தேகம். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அதெல்லாம் சரிம்மா. ஐயாயிரத்து எண்பத்திமூணு, நாலாயிரத்து முன்னூத்திப் பதினாறுன்னு போடுறீங்களே, அந்தக் கணக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "கணக்கா? அவ்வளவுதான் சார் இருந்துச்சு பேங்குல."

சனிக்கிழமை சம்பள நாளாம். நான் இப்போதும் சொல்கிறேன் சார், அது ஏலம் கேட்கிற முறையே இல்லை. கையில் இருப்பதை எல்லாம் கடைசி ரூபாய் வரைக்கும் எழுதிவைக்கிற ஆளை எதிரே இருக்கிறவன் எப்படிப் புரிந்துகொள்வது?

இல்லம்மா, ஏழும் செத்த மிஷின், நான் பிரித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "பிரிச்சீங்களா? எதுக்கு சார்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ரெஜினா உள்ளே போய் அந்த டின்னை எடுத்துவந்து திறந்து மேஜைமேல் வைத்தாள். நான் வைக்கச் சொல்லவில்லை.

சுகந்தி டின்னுக்குள் பார்த்தபடி இருந்தாள். கை வைக்கவில்லை. பிள்ளைதான் கையைவிட்டது. கூடு எல்லாம் தள்ளிவிட்டு அந்த வட்ட வில்லை ஒன்றை எடுத்தது. காதில் வைக்கவில்லை சார். காதுக்கு மேலே, பின்பக்கமாக, முடியை விலக்கி மண்டையில் வைத்தது. கையை எடுத்தது. வில்லை கீழே விழவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே காந்தம் இருக்கிறதாம். அந்த ஒயர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, அறுந்த முனை.

பிள்ளை அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் அது ரெஜினாவைப் பார்த்து, பேசு என்பது போலக் கையைக் காட்டியது.

ரெஜினா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

"எல்லாமே வேலை செஞ்ச மிஷின்தான் சார்" என்றாள் சுகந்தி. "உங்க காதுல கேக்காது. உள்ள வச்சிருக்கறவங்களுக்குத்தான் கேக்கும்." திட்டவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. பிள்ளையின் தலையிலிருந்து வில்லையை எடுத்துத் திரும்ப டின்னிலேயே போட்டாள். "சார், இன்னொன்னு வந்திருக்கு. வேலூர்லருந்து போட்டிருக்காங்க. பதினேழாம் தேதி அஞ்சு மணிக்கு முடியுது. நேத்தே எழுதி வச்சிட்டேன். அதுக்கு மட்டும் நீங்க வராதீங்க."

"வரமாட்டேன்மா" என்றேன்.

"சத்தியமா?"

"நான் வார்த்தை தவறினவன் இல்ல."

அவர்கள் போன பிறகு ரெஜினா வந்து சொன்னாள், அந்தப் பெண்ணின் காதில் ஈர்க்குச்சிதான் இருக்கிறது, தோட்டை விற்றிருக்கிறாள் என்று. அன்று சாயங்காலமே இந்த லேப்டாப்பைத் திறந்து, தென்றலைப் பின்தொடர்வதை நிறுத்தினேன். ரெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'நிறுத்தப்பட்டது' என்று வந்தது. அவளும் பார்த்தாள்.

பதினேழாம் தேதி வத்தலக்குண்டில் என் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். போயிருந்தோம். சாயங்காலம் காபி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனில் செய்தி: 'வாழ்த்துகள். பொருள் உங்களுடையது.' பதினோராயிரத்து நானூற்று எண்பத்தைந்து ரூபாய். அவள் பதினோராயிரத்து நானூற்று அறுபது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறாள்.

நான் செய்யவில்லை சார். பின்தொடர்வதை நிறுத்தினால், புதிதாக ஒன்றும் பட்டியலில் வராது. ஏற்கெனவே வந்து உட்கார்ந்தது அப்படியே இருக்கும், அதைத் தனியாக அழிக்க வேண்டும். அவள் ஒன்பதாம் தேதியே கை வைத்துவிட்டாள், அது ஒன்பதாம் தேதியே என் பட்டியலில் ஏறிவிட்டது. இதை எங்கே எழுதியிருக்கிறான் தெரியுமா? உதவிக் குறிப்பில், பதினான்காவது வரியில். யார் படிப்பார்கள்?

நான் என்ன நினைத்தேன் என்றால், சரி, எடுத்ததுதான் எடுத்தாகிவிட்டது, நான் வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டால் போகிறது. இருபத்தைந்து ரூபாய்கூட வேண்டாம், அவள் எழுதியதைக் கொடுத்தால் போதும். நல்ல எண்ணம்தானே? அங்கேயிருந்தே பணத்தைக் கட்டினேன். மறுநாள் காலையில் வேலூர்க்காரரே கூப்பிட்டார்.

"ஏழு குடும்பத்துக்கு ஒத்த ஸ்டார் போட்ட ஆள் நீங்கதானே?"

"வேலை செய்யல சார், அதான் எழுதினேன்."

"எப்படி செக் பண்ணீங்க?"

"காதுல மாட்டிப் பாத்தேன்."

"யார் காதுல?"

"என் காதுலதான். பின்ன யார் காதுல மாட்டறது?"

அவர் சிரித்தாரா, என்ன செய்தார் என்று தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்: "உங்களுக்குத் தரமாட்டேன் சார். பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன். இந்த மிஷின் போட்ட பிள்ளைங்க வீட்டுக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல எல்லாருக்கும் உங்க பேர் தெரியும்."

"எனக்கு வேணாம் சார். ரெண்டாவதா நிக்கறாங்களே தென்றல்னு, அந்தம்மாவுக்குக் குடுத்துடுங்க."

"அதுவும் உங்க ஆளுதான்னு தெரியும். ஏழு தடவையும் கடைசியில நீங்க ரெண்டு பேர்தான் நின்னு மத்தவங்களைத் தள்ளியிருக்கீங்க. எங்களை என்ன முட்டாள்னு நெனச்சீங்களா?"

"சார், அவங்க நிஜமாவே..."

வைத்துவிட்டார். திரும்ப ஆறு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. அந்த மிஷினை அவர்கள் குரூப்பிலேயே ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பையனுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டதாக இரண்டு நாள் கழித்துச் செய்தி அனுப்பினார். எப்படியோ ஒரு பிள்ளைக்குத்தானே போயிருக்கிறது சார்? அதை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

சுகந்திக்கு நானேதான் போன் பண்ணிச் சொன்னேன். மறைக்கவில்லை. பட்டியல் விஷயம், பதினான்காவது வரி, எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். கடைசிவரைக்கும் கேட்டாள். "சரிங்க சார், ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும்.

அப்புறம் வேலூர்க்காரரும் அந்த ஏழு பேரும் சேர்ந்து தளத்துக்குப் புகார் எழுதினார்கள். விளக்கம் கேட்டார்கள், நான் நான்கு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு ஏலத்தையும் விதிப்படிதான் எடுத்தேன் என்று தேதியோடு எழுதினேன். ஜனவரியில் கணக்கை முடக்கிவிட்டார்கள். 'சமூக நம்பிக்கைக்கு மாறாக' என்று ஒரே வரி. பதினொரு வருஷம் சார்.

அதனால்தான் இது இனிமேல் எனக்கு எதற்கு என்று விற்கிறேன். ரெஜினாவும் இதை வீட்டில் வைக்காதீர்கள் என்றாள். அந்த சாப்ட்வேர் இன்னும் இதில் இருக்கிறது, அடுத்த பிப்ரவரி வரைக்கும் சந்தா கட்டியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமென்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனியாக ஒன்றும் கேட்கமாட்டேன். வேண்டாமா? அழித்துவிடலாம். உங்கள் இஷ்டம். பதினைந்துக்கு முடித்துக்கொள்வோமா?

எது, அந்தப் பிள்ளையா? ரெஜினாதான் அந்தப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பேச்சு நின்றுவிட்டது என்றாள். அம்மா என்பது மட்டும் கொஞ்ச நாள் இருந்ததாம். எரியோட்டுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தது. போன மாதம், ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, திருச்சியில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற விடுதிப் பள்ளியில், ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள்.